கொறங்காட்டு வருசம்

கொங்கு நாட்டில் காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் வட்டாரத்துக் குடியானவக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக ஆக்கிக் காத்துவரும் மேய்ச்சல் நிலத்துக்குக் கொறங்காடு என்று பெயர். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே ஆங்காங்கே வெள்வேல மரம், அடியில் கொழுக்கட்டைப் புல், அதை மேயச் சில மாடுகளும் ஒரு பட்டி ஆடும். பெரும்பாலும் சில ஏக்கர் அளவுதான் ஒரு காடு. ஊர்ப் பொது மேய்ச்சல் நிலம் வேறு, இது வேறு. இது ஒரு குடும்பத்துக்குச் சொந்தமானது. அந்தக் குடும்பத்தின் கைவேலை. பயிர்த்தொழிலிலும் கால்நடை வளர்ப்பிலும் தமிழ்நாட்டார் கண்ட நுட்பங்களில் முன்வரிசையில் வைக்கத்தக்கது இது. மழை கொடுப்பதையும் கோடை பறிப்பதையும் ஒரே வேலிக்குள் சரிக்கட்டும் வித்தை இதில் இருக்கிறது.

இந்த வித்தை பிறந்ததற்கு மண்ணும் மழையுமே காரணம். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் கிடக்கும் இவ்வட்டாரத்தில் ஆண்டுக்குச் சுமார் 600 முதல் 650 மில்லிமீட்டர் மழைதான் பெய்யும். அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவத்தில் இறங்கிவிடும். சித்திரை, வைகாசியில் கோடைமழை சில நாள் எட்டிப்பார்க்கும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருவது காற்றுதான். அதில் ஈரம் குறைவு. மண்ணோ சரளை கலந்த செம்மண். ஆழம் குறைந்தது, நீரைப் பிடித்துவைக்காதது. இந்த மண்ணை ஆண்டுதோறும் உழுது விதைத்தால் மூன்றில் ஒரு வெள்ளாமை வீடு வந்து சேர்வதே பெரும்பாடு. புல்லாக விட்டு, புல்லை மாடாக்கி, மாட்டைப் பணமாக்கும் வழியில் நட்டம் குறைவு. குடியானவர்கள் அந்த வழியைத் தேர்ந்தார்கள்.

கொறங்காட்டில் முதலில் கண்ணில் படுவது வேலி. முள்ளுக்கிளுவையின் போத்துகளை வெட்டி, மழைக்கு முன்பாக நெருக்கமாக வரிசையில் நட்டு எழுப்புவது அது. போத்து வேர்பிடித்து உயிர்வேலியாகிவிடும். நல்ல வேலிக்காரர் போத்துகளை நேராக நட்டதோடு விடமாட்டார். வளரும் கிளைகளை ஒன்றுக்குள் ஒன்று குறுக்காக மடக்கிப் பின்னுவார். மேலே ஓங்கும் நுனியைக் கொடுவாளால் கழித்து, பக்கத்தில் அடர்ந்து கிளைக்கச் செய்வார். அப்படி வளர்ந்த வேலி ஆளுயரம் நிற்கும். கீழ்ப்பகுதியில் ஆட்டுக்குட்டி நுழையும் சந்துகூட இருக்காது. வேலியின் தரத்தை அறிந்தவர்கள் குனிந்து அடிப்பாகத்தைத்தான் பார்ப்பார்கள். மேலே பச்சையாகத் தழைத்து அடியில் கால்கள் தெரியும் வேலி, அந்த வீட்டில் சில வருசமாக ஆள் இல்லை என்பதைச் சொல்லிவிடும்.

இந்த வேலிதான் சிறு குடும்பத்தைத் தாங்குகிறது. காலையில் மாட்டையும் ஆட்டையும் உள்ளே விட்டு, வேலியின் வாயிலான கடவை அடைத்துவிட்டால் மேய்ப்பதற்கு ஆள் தேவையில்லை. தொட்டியில் தண்ணீர் இருந்தால் போதும். வயதான அம்மாவோ அப்பாவோ தனியாக ஒரு காட்டைப் பார்த்துக்கொள்ள முடிகிறது. மற்றவர்கள் கூலிக்கோ கடைக்கோ போய்வர முடிகிறது. இரண்டு காட்டு வேலிகளுக்கு நடுவே செல்லும் வண்டித்தடம் இட்டேரி. கற்றாழையும் பிரண்டையும் கோவைக்கொடியும் ஏறிய அந்த வேலிகளில் கௌதாரியும் கீரியும் ஓணானும் குடியிருக்கும். பூச்சி பிடிக்கும் இந்த உயிர்கள் பக்கத்து வெள்ளாமைக்கும் காவல்.

இரண்டாவது அங்கம் வெள்வேல மரம். வெளிறிய பட்டையும் இரட்டை முள்ளும் சிறு சிறு இலைகளும் கொண்டது. தட்டையாக விரியும் அதன் கூரை மாட்டுக்கு வெயில் மறைக்கும்; அதே வேளையில் அடியில் புல் வளரும் அளவுக்கு வெளிச்சத்தையும் விடும். இதை அறிந்துதான் மரங்களை இடைவெளி விட்டு நிறுத்துகிறார்கள். கூடுதலாக முளைத்ததை வெட்டி விறகாக்குவார்கள். ஒருகாலத்தில் பட்டைச் சாராயம் காய்ச்ச உரிக்கப்பட்டதும் இந்த மரத்தின் பட்டைதான். மரத்தின் உண்மையான மதிப்பு காயில் இருக்கிறது. மழைக்காலத்தை ஒட்டிப் பூத்து, புல் முற்றிலும் காய்ந்துபோன கோடையில் காய் முற்றி உதிரும். இக்காடுகளில் வெள்வேல மரம் வீட்டுத் தானியக் குதிர் போல. வேறெதுவும் இல்லாத மாதத்துக்கென்று தீனியைச் சேர்த்துவைத்துத் தருகிறது. ஆடு தின்ற காயின் விதை புழுக்கையோடு விழுந்து, மழை கண்டதும் முளைக்கும். புதுமரம் வேண்டுமென்றால் பட்டியடியில் தேடினால் போதும்.

மூன்றாவது புல். கொழுக்கட்டைப் புல்லின் மேல்பாகம் வறட்சியில் கருகினாலும் தூர் சாவதில்லை. ஒரு நல்ல மழை நனைத்தால் சில நாளில் பழைய தூரிலிருந்தே பச்சை கிளம்பிவிடும். அதனோடு செப்புநெருஞ்சி, நரிப்பயறு போன்ற பயறினச் செடிகள் தாமாக முளைத்துத் தீனிக்குச் சத்துச் சேர்க்கும். பல வருசம் மேய்ந்து புல் கலைந்துபோன காட்டை, சில ஆண்டுகளுக்கு ஒரு முறை மழையில் உழுது, புல்விதையோடு சோளமோ கொள்ளோ விதைத்து, ஒரு பருவம் பூட்டிவைத்துப் புதுப்பிப்பார்கள்.

இந்த மூன்று அங்கங்களும் எப்படிக் கைகோக்கின்றன என்பதை வருசத்தோடு நடந்தால்தான் காணலாம். சித்திரையில் காடு செம்மண் நிறத்தில் கிடக்கும். கிளுவை இலையுதிர்த்துச் சாம்பல் நிறக் குச்சிகளாக நிற்கும். பார்க்கிறவருக்கு எல்லாம் செத்துவிட்டதாகவே தோன்றும். அப்போதுதான் வெள்வேலங்காய் உதிர்கிறது. விடியற்காலையில் தொறட்டியோடு ஒருவர் மரத்தடியில் நிற்பார். கொக்கியைக் கிளையில் மாட்டி இரண்டு உலுக்கு உலுக்கினால், காய்ந்த காய்கள் சலசலவென்று கொட்டும். அந்தச் சத்தம் கேட்டதும் காட்டின் மறுமூலையில் நிற்கும் ஆடுகள் ஓடிவந்து காலடியில் மொய்த்துக்கொள்ளும். எல்லா மரத்தையும் ஒரே நாளில் உலுக்குவதில்லை. இன்றைக்கு இந்த மரம், நாளைக்கு அடுத்தது என்று கோடைமழை வரை நீட்டிப்பதில் வீட்டுப் பெரியவரின் கணக்கு இருக்கிறது. மாட்டுக்கு, தையில் அடுக்கிய சோளத்தட்டுப் போரிலிருந்து நாளுக்கு இத்தனை கட்டு என்று உருவிப் போடுவார்கள்.

கோடைமழை இரண்டு முறை நன்றாகப் பெய்தால் வேலி முதலில் துளிர்க்கும்; பிறகு புல். இங்கேதான் கொறங்காட்டுக்காரரின் பொறுமைக்குச் சோதனை. பச்சை கண்டதும் மாட்டை விட்டால் இளம்புல் தூரோடு பிடுங்கிவரும். மழை நின்றதும் காடு மீண்டும் வெறுந்தரையாகும். மாடு கட்டுத்தரையில் கத்தினாலும், போர் அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தாலும், சில நாள் கடவைத் திறக்காமல் இருப்பதே கைதேர்ந்தவரின் அடையாளம். இரண்டு மூன்று காடு வைத்திருப்பவர் ஒன்றைப் பூட்டி ஒன்றில் மேய்ப்பார். ஒன்றே உடையவர் அதைத் தடுத்துப் பங்கிட்டுக்கொள்வார்.

ஆனியும் ஆடியும் காற்றின் மாதங்கள். காற்று ஈரத்தை உறிஞ்சிவிடும்; புல் வளர்ச்சி நின்று, நின்ற இடத்திலேயே காய்ந்த தீனியாகும். ஆவணி, புரட்டாசியில் விழும் மழையை நம்பி மானாவாரிக் காட்டில் சோளம் விதைப்பார்கள். தானியம் வீட்டுக்கு, தட்டு மாட்டுக்கு. மழை முழுதாகக் கைகொடுக்காவிட்டால் தானியம் பொய்க்கும். ஆனாலும் தட்டு கொஞ்சம் மிஞ்சும். வெள்வேலம் பூக்கத் தொடங்குவதும் இப்போதுதான். பூவின் அடர்த்தியைப் பார்த்தே வரும் கோடைக்குக் காய் எப்படி இருக்கும் என்று கணக்குப் போடுவார்கள்.

ஐப்பசி மழை இறங்கியதும் வருசத்தின் ஏறுமுகம். கார்த்திகை முடிய முழங்கால் உயரத்துக்குப் புல் நிற்கும். பாலும் கூடும். ஆனால் இந்தச் செழிப்பிலும் ஒரு கட்டுப்பாடு உண்டு. புல் கதிர்விட்டு விதை உதிர்த்த பிறகே முழு மேய்ச்சல். சொரசொரப்பான அந்த விதை ஆட்டின் மேலும் மாட்டின் வால்மயிரிலும் ஒட்டிக்கொண்டு காடெங்கும் பரவும். அடுத்த வருசத்துப் புல் இந்த ஒரு மாதப் பொறுமையில் தீர்மானமாகிறது.

மார்கழியில் பனி, தையில் அறுவடை. சோளத்தட்டு காய்ந்து போராக ஏறும். தை நோம்பிக்கு வேப்பிலை, ஆவாரம்பூ, சிறுபூளை சேர்த்துக் காப்புக் கட்டுவார்கள். பட்டிப் பொங்கலன்று பட்டியில் சிறு தெப்பக்குளம் கட்டி நீர் நிரப்பி, பூசை முடிந்ததும் மாட்டைக் கொண்டு அதை மிதிக்கச் செய்வார்கள். மேயும் உயிரால் பிழைக்கும் வீட்டுக்கு அதுவே பெரிய நாள். மாசி, பங்குனியில் புல் வைக்கோலாக மாறி, மாடு நின்றபடியே அதைத் தின்று தீர்க்கும். வெள்ளாமை முடிந்த நிலத்தில் இரவு தோறும் இடம் மாற்றி ஆட்டுப்பட்டி போடுவார்கள். புழுக்கையும் மூத்திரமும் மண்ணில் இறங்கி அடுத்த விதைப்புக்கு எருவாகும்.

இந்த நிலம் ஆக்கித் தந்த உயிர்களில் முதன்மையானது காங்கேயம் மாடு. பிறக்கும்போது கன்று செந்நிறம். ஆறு மாதம் ஆகும்போது சாம்பல் நிறத்துக்கு மாறும். இனவிருத்திக்கு விடும் வளர்ந்த பூச்சிக்காளைக்குத் திமிலும் கழுத்தும் தொடையும் கருத்து நிற்கும். காயடித்த எருதில் அந்தக் கருமை வெளிறிவிடும். மயிலை, பிள்ளை, செவலை, காரி என்று நிறத்தை வைத்தே மாட்டைக் குறிப்பார்கள். வாங்க வருபவர் முதலில் குளம்பைப் பார்ப்பார். சரளைமண்ணில் நடந்து இறுகிய குளம்பு வேண்டும். பிறகு வாயைத் திறந்து பல் எண்ணுவார். இரண்டு பல், நாலு பல், ஆறு பல், பல் சேர்ந்தது என்பதுதான் வயதுக் கணக்கு. அடுத்து உடம்பில் உள்ள மயிர்ச்சுழி. இந்தச் சோதனைகள் முடிந்தபின் மாட்டை நடக்கவிட்டு, பின்கால் முன்கால் தடத்தில் விழுகிறதா என்று பார்ப்பார். ஓர் ஈத்துக்குச் சராசரி 500 முதல் 600 கிலோ பால்தான் தரும் இந்த இனம் பாலுக்காகப் பேர் வாங்கவில்லை. காய்ந்த புல்லில் உடம்பைக் காத்து, கிணற்றுநீரைக் கவலையில் இறைக்கவும் வண்டி இழுக்கவும் உழவுக்கும் ஆனது. பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்தின் மந்தை இந்த இனத்தைத் தேர்ந்து வளர்த்ததில் முக்கிய இடம் பெற்றது. லிட்டில்வுட் 1936-இல் எழுதிய தென்னிந்தியக் கால்நடை நூலிலும் காங்கேயம் மாடு இடம்பெறுகிறது.

விற்பனையும் பருவத்தோடு பொருந்தியது. வெள்ளகோவிலுக்கு அருகே கண்ணபுரம் மாரியம்மன் கோயில் மாட்டுச்சந்தை சித்திரையில் கூடுகிறது. அந்தியூர் குருநாதசுவாமி கோயில் சந்தை ஆடியில். தீனி சுருங்கும் மாதத்தில் கன்றும் காளையும் கைமாறினால் காட்டின் மேல் சுமை குறையும். பணம் வருசச் செலவுக்கு ஆகும். இடையில் அவசரத்துக்கு ஆடு இருக்கிறது. மேச்சேரி இனக் கிடாய் ஒன்றை விற்றால் பள்ளிக்கூடக் கட்டணமோ வைத்தியச் செலவோ நடந்துவிடும். மாடு வருசக் கணக்கு, ஆடு மாதக் கணக்கு என்று இரண்டையும் சேர்த்து வைத்திருப்பது இந்தக் காரணத்தால்தான்.

எல்லா வருசமும் இந்தக் கணக்கு சரியாக அமைவதில்லை. 2016-இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் வழக்கத்தைவிட 60 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. 2017 சனவரியில் மாநிலம் வறட்சி பாதித்ததாக அறிவிக்கப்பட்டது. ஐப்பசி மழை தவறினால் புல்லும் தட்டும் ஒருசேரத் தவறுகின்றன, கிணறும் வற்றுகிறது. அப்படிப்பட்ட காலத்தில் குடும்பங்கள் ஒரு வரிசையில் கைவிடுகின்றன. முதலில் கிடாய்கள், பிறகு காளைக் கன்றுகள், அதன்பின் வயதான மாடுகள். நல்ல இளம் பசு ஒன்றையும் சில பெட்டை ஆடுகளையும் கடைசிவரை விடமாட்டார்கள். அவை இருந்தால் இரண்டு நல்ல மழையில் பட்டி திரும்ப நிறையும். காட்டிலும் புல்லின் தூர் மண்ணுக்குள் காத்திருக்கும். மரம் காயைக் குறைத்தாலும் தராமல் இருப்பதில்லை.

கொறங்காட்டுக்கு நேர்ந்த பெரிய இறக்கம் வானத்திலிருந்து வரவில்லை. மின்மோட்டார் வந்து கவலை இறைப்பு நின்றது. டிராக்டர் வந்து ஏர் நின்றது. உழவு மாட்டுக்குத் தேவை சுருங்கியது. கூட்டுறவுப் பால் சேகரிப்பு கலப்பினப் பசுவுக்கு ஆதரவானது. பாசன வசதி கிடைத்த இடங்களில் தென்னை ஏறியது. சாலையோரக் காடுகள் மனைகளாகவும், காற்று பலமான இடங்கள் காற்றாலைகளுக்கும் போயின. வேலி பின்னத் தெரிந்த கைகள் குறைந்ததால் கம்பிவேலி வந்தது. கம்பிவேலி மாட்டைத் தடுக்கும். ஆனால் காற்றைத் தணிக்காது, இலையுதிர்த்து மண்ணை வளப்படுத்தாது, கௌதாரிக்கு இடமும் தராது. பராமரிப்பு விட்ட காடுகளில் வேலிக்காத்தான் முள்மரம் நுழைந்து புல்லை ஒழித்துவிடுகிறது.

இத்தனைக்குப் பிறகும் இந்த வட்டாரத்தில் கொறங்காடுகள் நிற்கின்றன. குட்டப்பாளையத்தில் சேனாபதி காங்கயம் கால்நடை ஆராய்ச்சி அறக்கட்டளை இந்த இனத்தையும் மேய்ச்சல் நிலத்தையும் காக்கப் பணியாற்றுகிறது. 2017 சல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பின் நாட்டு மாடு வாங்க வந்தவர்களும் பெருகினார்கள். ஆனால் மாட்டை மட்டும் வாங்கிப்போனால் இந்தக் கலை கூடவே போவதில்லை. கிளுவைப் போத்தைப் பின்னும் கை, காய் உலுக்கும் முறை, பச்சை கண்டும் கடவைத் திறக்காத பொறுமை ஆகிய மூன்றும் அந்த மண்ணில் வாழும் குடும்பங்களிடமே இருக்கின்றன. அவர்களுக்கு அந்தக் காட்டில் பிழைப்பு இருக்கும்வரை காங்கேயம் மாட்டுக்கும் இடமிருக்கும். வேலியை அடுத்த தலைமுறை பின்னக் கற்பதற்கும் காரணம் இருக்கும்.