ஜேடர்பாளையத்துக்கு எத்தனை ஸ்டார்?

"சார், ஞாயித்துக்கிழமை ஃபேமிலியோட ஒருநாள் போய்ட்டு வரணும். சேலம், நாமக்கல் பக்கம் நல்லதா நாலு இடம் சொல்லுங்களேன்..."

இப்படிக் கேட்காத நண்பர் எனக்கு இல்லை. பத்திரிகைக்காரன் என்றால் எல்லா ஊரும் அத்துப்படி என்று ஒரு நம்பிக்கை. நானும் சளைக்காமல் லிஸ்ட் கொடுப்பேன். ஒருமுறை சுற்றுலா இணைப்பு ஒன்றுக்கு எழுதியே கொடுத்தேன். 'ஜேடர்பாளையம்: படுகை அணை, அண்ணா பூங்கா, பொரித்த மீன். குளித்து மகிழலாம்.' அவ்வளவுதான். ஆபீஸ் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் எழுதியது.

அதை நம்பிப் போன வாசகர் போனில் பிடித்துக்கொண்டார். "மத்தியானம் ஒரு மணிக்குப் போனோம் சார். அணையில பாறைதான் இருந்துச்சு. பூங்காவுல ஊஞ்சலைத் தொட்டா சுடுது. மீன் தின்னுட்டுத் திரும்பிட்டோம். ஆமா, நீங்க அங்க போயிருக்கீங்களா?"

போயிருக்கிறேன். அதுதான் குற்ற உணர்ச்சி.

அன்றிலிருந்து இந்த மாதிரி லிஸ்ட் எது வந்தாலும் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிக்கிறேன். நீங்களும் படித்துப் பாருங்கள். எல்லாவற்றிலும் ஒரே குறை. நிற்கிறதை மட்டும் சொல்கிறார்கள். அணை நிற்கிறது, சிலை நிற்கிறது, வளைவு நிற்கிறது. அங்கே நடக்கிறதைச் சொல்வதில்லை. நடப்பதற்கு நேரம், காலம் உண்டு. அதை விசாரித்து எழுத வேண்டும். யாருக்குப் பொறுமை?

ஜேடர்பாளையத்தில் பார்க்க வேண்டியது அணையே இல்லை என்பேன். அங்கிருந்து கிளம்புகிற ராஜவாய்க்கால். 17-ஆம் நூற்றாண்டில் இதை வெட்டியவர் அல்லாள இளைய நாயக்கர் என்று இந்த வட்டாரம் கொண்டாடுகிறது. அவருக்கு இங்கே சிலையும் உண்டு. குடும்பம் குடும்பமாக அதன் முன்னால் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். அவர் வெட்டிய வாய்க்காலைத் திரும்பிப் பார்ப்பவர்கள் குறைவு! காலை ஆறு மணிக்கு அதன் கரையோடு நடந்து பாருங்கள். ஒருபக்கம் வாழை, இன்னொரு பக்கம் கரும்பு, இடையில் அகத்திக் கொடிக்கால். வேலூர் வெற்றிலை என்கிறோமே (பரமத்தி வேலூர், கோட்டை வேலூர் இல்லை), அது குடிக்கிற தண்ணீர் இது. பொய்யேரி, மோகனூர் என்று கிளை பிரிந்து மோகனூர் வரை போகிறது. டிக்கெட் கிடையாது. தண்ணீர் விட்டிருக்கிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொண்டு போங்கள்.

ஆற்றில் 'குளித்து மகிழலாம்' என்று எழுதினேனே, அதை இப்போது வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். காவேரியில் குளிக்கப் போய்த் திரும்பாத பிள்ளைகளின் செய்தி கோடைதோறும் வருகிறது. எந்த இடம் ஆழம், எங்கே சுழல் என்பது உள்ளூர்க்காரருக்குத்தான் தெரியும். பரிந்துரைக்கிறவன் அதைச் சொல்லாவிட்டால் அது பரிந்துரையே இல்லை.

அடுத்தது மீன். சுடச்சுட, மிளகாய் தூக்கலாக, ருசியில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 'காவேரி மீன்' என்று உருகுகிறவர்களுக்கு ஒரு தகவல். கட்லாவும் ரோகுவும் கங்கைப் பக்கத்திலிருந்து வந்து நம்ம தண்ணீரில் குடியேறியவை. ஜிலேபி 1952-ல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டது. இங்கேயே பிறந்த கெளுத்தியோ கெண்டையோ இருக்கிறதா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். இருந்தால் அதை வாங்குங்கள். இல்லையென்றால் ஜிலேபியையே சாப்பிடுங்கள், பாவம் அது என்ன செய்யும்!

லிஸ்ட்காரர்கள் தொடவே தொடாதது வெல்லம். ஜேடர்பாளையம், பிலிக்கல்பாளையம், கபிலர்மலை சுற்றுவட்டாரம் முழுக்க ஆலைக் கொட்டகைகள். கரும்புச் சக்கையே அடுப்புக்கு எரிபொருள். பெரிய கொப்பரையில் பால் காய்ந்து, நுரை தள்ளி, பாகாகிற அந்தப் பதம் இருக்கிறதே... சரியான நிமிஷத்தில் இறக்குகிறவருக்கு எந்த சமையல் நிபுணரும் வணக்கம் வைக்கலாம். பொங்கலுக்கு முன்னால் போனால் வேலை மும்முரமாக இருக்கும். கேட்டால் சூடாக ஒரு கை கொடுப்பார்கள்.

ஆனால் இங்கே விமர்சனம் வெல்லத்தின் மேல் இல்லை, நம் மேல். நமக்கு வெல்லம் பளபளவென்று மஞ்சளாக இருக்க வேண்டும். நிறத்துக்காக ஹைட்ரோஸ் போடுகிறார்கள்; லாபத்துக்காகச் சர்க்கரை கலக்கிறார்கள். உணவுப் பாதுகாப்புத் துறை அவ்வப்போது ரெய்டு போகிறது, மூட்டைகளைப் பறிமுதல் செய்கிறது. நான் பி.காம். படித்தவன், சிம்பிளாகக் கணக்குப் போடுகிறேன். கறுத்த வெல்லத்துக்கு மண்டியில் விலை குறைவு என்றால், எந்த ஆலைக்காரர் வெள்ளந்தியாக அதையே காய்ச்சிக்கொண்டிருப்பார்? நம்ம கண்ணுதான் அந்த ரசாயனத்துக்கு ஆர்டர் கொடுக்கிறது. வாங்கும்போது மண் நிறத்தில் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. 2023-ல் இந்த வட்டாரத்தில் ஒரு பெண் கொலையானதைத் தொடர்ந்து ஆலைக் கொட்டகைகளுக்குத் தீவைத்தார்கள். அதில் வடமாநிலத் தொழிலாளர்கள் கருகினார்கள். ஒருவர் இறந்தே போனார். நீங்கள் கொட்டகைக்குப் போகும்போது கொப்பரையைக் கிண்டிக்கொண்டிருப்பவர் அநேகமாக ஒடிசா, பீகார்க்காரராக இருப்பார். வெல்லத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வராமல் அவரிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள்.

சிற்பத்துக்கு நாமக்கல். பதினெட்டு அடி ஆஞ்சநேயரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அவர் எதைப் பார்த்துக் கைகூப்பி நிற்கிறார் என்று எத்தனை பேர் பார்த்தோம்? எதிரே மலையைக் குடைந்த நரசிம்மர் குகை. சுமார் 1,200 வருஷம் முந்தைய அதியர் காலத்து வேலை. ஒரு காலைத் தூக்கி உலகளக்கிற திரிவிக்கிரமனும், இரணியனைக் கிழிக்கிற நரசிம்மரும் அங்கே சுவரில் இருக்கிறார்கள். நிற்கிறதைச் சொல்லாதே என்ற என் சட்டத்துக்கு இது விதிவிலக்கு.

நடக்கப் பிடித்தவர்களுக்குக் கொல்லிமலை. எழுபது கொண்டை ஊசி வளைவைப் பற்றியே எல்லாரும் பேசுகிறார்கள். அது டிரைவரின் உழைப்பு. உங்கள் உழைப்பு ஆகாய கங்கைப் படிகளில். ஆயிரத்துக்கு மேல். இறங்கும்போது சிரிப்பாகத்தான் இருக்கும். ஏறுவதற்கு முட்டி சம்மதிக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளவும்.

நாடகம்? சேலம் என்றதும் 1935-ல் டி.ஆர்.சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் ஞாபகம் வரும். ஏற்காடு ரோட்டில் இன்று மிஞ்சியிருப்பது முகப்பு வளைவு. அதன் கீழே நின்று செல்ஃபி எடுக்கிறார்கள், தப்பில்லை. ஆனால் உயிரோடு இருக்கிற நாடகம் காவேரியோடு மேலே போனால் மேச்சேரி, மேட்டூர்ப் பக்கத்து கிராமங்களில் இருக்கிறது. தெருக்கூத்து. மாரியம்மன் பண்டிகை சீசனில், பங்குனி சித்திரையில், ஊர் ஊராக ஆடுவார்கள். அதற்கு எந்த இணைப்பிலும் விளம்பரம் வராது. டீக்கடையில் கேட்டால் தேதி சொல்வார்கள். ஏர்வாடியிலிருந்து 'மணல்வீடு' இதழ் நடத்துகிற மு.ஹரிகிருஷ்ணன் போன்றவர்கள் இந்தக் கலைஞர்களுக்காக எழுதியும் அலைந்தும் வருகிறார்கள்.

ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் வேஷம் மேடைக்கு வரும். பத்தரைக்கு எழுந்து போய்விட்டு 'போர் சார்' என்று சொல்லாதீர்கள். கோமாளி உங்கள் சட்டையைக் கிண்டல் செய்யட்டும், முகவீணை காதைக் கிழிக்கட்டும், இரண்டு மணிக்குக் கொஞ்சம் கண் அசந்து கொள்ளுங்கள். நாலு மணிக்கு எப்படியும் மிருதங்கம் எழுப்பிவிடும். அப்போது கர்ணன் சாகிறான் என்றால், தூக்கக் கலக்கத்தில் சுருண்டிருந்த கிழவிகள் எழுந்து உட்கார்ந்து மூக்கைச் சிந்துவார்கள். விடிந்ததும் அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டே அந்தக் கர்ணன் டீக்கடைக்கு வருவார். உங்கள் பரிந்துரைப் பணத்தை அவர் கையில் கொடுங்கள். முதல் பஸ் ஆறு மணி சுமாருக்கு வந்துவிடும்.