மாஜாங் காய்களுக்குப் புதுக்கோலம்

அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலத்து டாலஸ் நகரிலே மூன்று பெண்மணிகள் 2020-ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய 'தி மாஜாங் லைன்' என்னும் நிறுவனம், சீனத்துப் பழைய காய்களில் இருந்த எழுத்துகளையும் சித்திரங்களையும் அகற்றி, அவற்றின் ஸ்தானத்தில் மின்னல் கீற்றையும் மாவு மூட்டையையும் வண்ண வண்ணமாகத் தீட்டி, பெட்டி ஒன்றுக்கு 425 டாலர் வரையில் விலை வைத்து விற்க முற்பட்டது. மாவு மூட்டை எதற்காக என்று வாசகர் கேட்கலாம். மலருக்கும் மாவுக்கும் ஆங்கிலத்தில் உச்சரிப்பு ஒன்றே. ஆகவே மலர்க்காயில் மாவு! இந்த ஹாஸ்யத்துக்காகவா தலைமுறை தலைமுறையாக வந்த சித்திர மரபைக் கழித்துப் போடுவது என்று சீன வம்சாவளி அமெரிக்கர்கள் பலர் 2021 ஜனவரியில் வெகுண்டு கேட்டார்கள். நிறுவனம் மன்னிப்புக் கோரியது. ஆனால் அந்தக் கண்டனத்தின் ஊடே, காய்களின் மேல் யாரும் கை வைக்கவே கூடாது என்ற ஒரு தொனியும் ஒலித்தது. அதை நான் ஒப்புக்கொள்வதற்கில்லை. மாஜாங்கின் சரித்திரத்தை எடுத்துப் பார்த்தால், அது பெரும்பாலும் காய்களை மாற்றிக்கொண்டே வந்தவர்களின் சரித்திரமாகவே இருக்கிறது.

நம் வீடுகளில் ரம்மி ஆடுகிறவர்களுக்கு இவ்விளையாட்டின் உயிர்நிலை எளிதில் விளங்கிவிடும். நால்வர் சுற்றி அமர்ந்து, ஆளுக்குப் பதின்மூன்று காய்களைக் கையில் வைத்துக்கொண்டு, ஒன்றை எடுத்து ஒன்றைக் கழித்து, வரிசைகளும் ஒத்த காய்களும் சேர்த்து முடிக்க முயல்வதே ஆட்டம். முழுப் பெட்டியில் 144 காய்கள். அவற்றுள் 108 காய்கள் மூன்று இனங்களாகப் பிரிந்திருக்கின்றன. எஞ்சியவை நான்கு திசைக் காற்றுகள், சிவப்பும் பச்சையும் வெள்ளையுமான மூன்று டிராகன் காய்கள், மலர்கள், பருவங்கள். இந்த மூன்று இனங்களும் சீனத்துப் பழைய காகிதச் சீட்டுகளின் வழியாக வந்தவை. அவற்றின் பொருளோ பணம். வட்டமாகத் தெரிவது செப்புக் காசு. மேனாட்டார் மூங்கில் என்று கொண்டது, நடுவில் துளையுள்ள அக்காசுகளைக் கயிற்றில் கோத்த சரம். எழுத்துப் பொறித்தது பதினாயிரம் என்னும் தொகை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிங்போ நகரத்துச் சென் யூமென் என்பவர் சீட்டுகளைக் காய்களாக்கினார் என்பது கர்ணபரம்பரை. யார் செய்திருந்தாலும், காற்றில் பறக்கும் காகிதத்தை எலும்பாகவும் மூங்கிலாகவும் ஆக்கிய அந்தக் காரியமே இவ்விளையாட்டு கண்ட மறுவடிவங்களுள் தலையாயது என்பதில் ஐயமில்லை. அதனால்தான் காயைக் கவிழ்த்தபடியே எடுத்துப் பெருவிரலால் தடவி, கண்ணால் காணுமுன் இன்னதென்று அறிகின்ற சாமர்த்தியம் பிறந்தது.

அடுத்த பெரிய மாற்றம் ஓர் அமெரிக்கருடையது. சூச்சோ நகரில் ஸ்டாண்டர்ட் ஆயில் கம்பெனியின் பிரதிநிதியாக இருந்த ஜோசப் பார்க் பாப்காக், 1920-இல் விதிகளைச் சுருக்கி ஆங்கிலத்தில் நூலாக்கினார். சீன எழுத்தறியாதவர்களுக்காகக் காயின் மூலையில் எண்களையும் ஆங்கில எழுத்துகளையும் பொறிக்கும் வழக்கத்தையும் பரப்பினார். விளையாட்டின் பெயரையே வியாபாரச் சின்னமாகப் பதிவு செய்துகொண்டவர் அவர் என்பதையும், சீனர் பலவாறாக ஆடி வந்ததை அவர் வெகுவாகக் குறைத்தார் என்பதையும் குறையாகச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ஆயினும் மூலையில் வைத்த அந்தச் சிறு எண்ணை நான் மனமாரப் பாராட்டுகிறேன். அது பழைய எழுத்தை அழிக்கவில்லை. அதன் அருகே பணிவாக நின்றது. ஷாங்காய்க்காரர் ஒருவரும் சிக்காகோக்காரர் ஒருவரும் அத்தகைய பெட்டி ஒன்றை நடுவில் வைத்துக்கொண்டு, அவரவர் கண்ணுக்குத் தெரிந்ததைப் படித்து, ஒரே ஆட்டத்தை ஆடலாம். பிற்காலத்தில் 1937-இல் நியூயார்க்கில் யூதப் பெண்மணிகள் முன்னின்று அமைத்த தேசிய மாஜாங் சங்கம், ஆண்டுதோறும் வெற்றிச் சேர்க்கைகளை அச்சிட்ட அட்டை ஒன்றை வெளியிட்டு வருகிறது. அம்மரபில் இன்று எட்டு ஜோக்கர்கள் சேர்ந்து காய்களின் தொகை 152 ஆகியிருக்கிறது. சிங்கப்பூரிலோ பூனை, எலி, சேவல், பூரான் என்று நான்கு பிராணிகள் வந்து சேர்ந்தன. இவையெல்லாம் கூட்டல்கள். ஆகாதவர் அந்தக் காய்களை ஒதுக்கி வைத்துவிட்டு ஆடலாம்.

டாலஸ் பெட்டியின் குற்றம் எங்கே இருக்கிறது என்பது இப்பொழுது தெளிவாகும். அந்தப் பெட்டியில் பழகிய ஒருவர் வேறொரு மேஜைக்குப் போனால் அங்குள்ள காய்களைப் படிக்கத் தெரியாமல் திகைப்பார். அறுபதாண்டு ஆடிய ஹாங்காங் பாட்டியோ அந்தப் பெட்டியின் முன் எழுத்தறியாதவர்போல உட்கார்ந்திருப்பார். சீனருடைய சொத்தைச் சீனரல்லாதார் தொடலாமா என்ற வாதத்தைவிட இந்த ஆக்ஷேபமே எனக்கு வலுவுள்ளதாகப் படுகிறது. எதிர்ப்பக்கத்துக்கும் ஒரு நியாயம் உண்டு. பளிச்சென்ற நிறமும் பெரிய உருவமும் கண் மங்கியவர்களுக்கு அனுகூலம். இளையவர்களை மேஜைக்கு இழுப்பதற்கும் அழகு ஓர் உபாயந்தான். ஆனால் இவ்விரண்டு பயனையும் அடைவதற்கு மாவு மூட்டை அவசியமில்லை. கைச்செதுக்கலை நலியவிட்டு, 2014-இல் கலாசார மரபுப் பட்டியலிலே அதற்கு இடங்கொடுத்த ஹாங்காங்கில் கூட, இயந்திரம் செதுக்கும் காய்கள் பழைய சித்திரங்களை விட்டு விலகவில்லை.

காய் மேஜையை விட்டுத் திரைக்கு ஏறிய கதை இதனினும் சிக்கலானது. திரையில் பலரும் அறிந்தது மாஜாங்கே அன்று. விபத்தினால் உடல் செயலிழந்த பிராடி லாக்கார்ட் என்னும் இளைஞர், வாயில் பிடித்த குச்சியால் விசைகளைத் தட்டி, பிளேட்டோ என்னும் கணினி அமைப்பில் 1981-இல் உருவாக்கிய ஒற்றையாட்டம் அது. 1986-இல் 'ஷாங்காய்' என்ற பெயரில் கடைக்கு வந்தது. அடுக்கி வைத்த காய்களில் ஒத்த இரண்டைத் தேடி எடுப்பதுதான் அதில் வேலை. லாக்கார்டின் விடாமுயற்சியை நினைக்க மனம் நெகிழ்கிறது. எனினும், காய்களின் உருவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஆட்டத்தை விட்டுவிட்ட அந்தப் பொழுதுபோக்கையே மாஜாங் என்று உலகத்தில் ஒரு பெருங்கூட்டம் நம்பிக்கொண்டிருப்பது வருந்தத்தக்கது. டாலஸ் பெட்டி ஆட்டத்தை வைத்துக்கொண்டு உருவத்தை எறிந்தது. இது அதற்கு நேர்மாறு.

நால்வர் ஆடும் உண்மையான ஆட்டமும் இணையத்துக்கு வராமலில்லை. ஜப்பானில் 'டென்ஹோ', சீனத்தார் ஆக்கிய 'மாஜாங் சோல்' முதலிய தளங்களில் நள்ளிரவிலும் நால்வர் கூடிவிடுகிறார்கள். நாலாவது கைக்கு ஆள் தேடும் பழைய சிரமம் அங்கே இல்லை. ஜப்பானிய விதிப்படி புள்ளி கணக்கிடுவது பழகியவரையும் தடுமாறச் செய்யும். இயந்திரம் அதை நொடியில் செய்து தருகிறது. பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டுக்குள் அடைபட்ட முதியவர்களுக்கு இணைய மேஜை எத்தகைய ஆறுதலாயிருந்தது என்பதை யாரும் மறுக்க முடியாது. தேர்ச்சியிலும் குறைவில்லை. மைக்ரோசாப்ட் ஆராய்ச்சியாளர்களின் 'சூபிக்ஸ்' என்னும் செயற்கை அறிவு, 2019-இல் டென்ஹோவில் மனிதர்களோடு ஆடிப் பத்தாம் படியை எட்டியது. அது காய்களைக் கழித்த முறையை ஆராய்ந்து கற்றுக்கொள்கிற மனித ஆட்டக்காரர்களும் இருக்கிறார்கள்.

ஆனால் இயந்திரம் உதவுவதோடு நிற்பதில்லை. காய்களைத் தானே வரிசைப்படுத்துகிறது. எதிராளி கழித்த காய் நமக்கு வேண்டியதானால் பொத்தானைக் காட்டிக் கூப்பிடுகிறது. தவறாக வெற்றி கூறித் தண்டம் செலுத்தும் ஆபத்தை அடியோடு நீக்கிவிடுகிறது. கவனம் என்பதும் ஆட்டத்தின் ஓர் அங்கமல்லவா? கையைத் தானே அடுக்காதவன் கையை அறிந்தவனாகமாட்டான். விசித்திரம் என்னவென்றால், முகம் தெரியாத அந்தத் திரையிலும் மனிதர்கள் முகத்தைப் படிக்கும் வழியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஒரு காய் விழுந்ததும் ஆட்டம் அரைக்கணம் தயங்கினால், யாரோ ஒருவருக்கு அதைக் கேட்கும் உரிமை வந்து அவர் யோசிக்கிறார் என்று பொருள். தேர்ந்தவர்கள் அந்தத் தயக்கத்தையே ஒரு குறிப்பாகக் கொண்டு ஆடுகிறார்கள்.

இன்னொரு குறையை இலேசாக விடமுடியாது. சூதாட்டம் என்ற அபவாதத்தைச் சுமந்த விளையாட்டு இது. சீனத்தில் நெடுங்காலம் விலக்கப்பட்டிருந்து, 1998-இல்தான் அரசாங்கத்து விளையாட்டு நிர்வாகம் பந்தயமற்ற அதிகாரபூர்வ விதிகளை வகுத்தது. மாஜாங் சோல் தளத்திலும் மேஜையின் மேல் காசு இல்லை, ஆட்டம் இலவசம். ஆனால் அங்கே உட்காரும் சித்திரப் பாத்திரங்களில் பலவற்றைப் பெறுவதற்குப் பலர் பணம் கொடுத்துக் குலுக்கலில் கலந்துகொள்கிறார்கள். சூது மேஜையிலிருந்து இறங்கி உடுப்புக் கடையில் குடிபுகுந்துவிட்டது! முன்னாளில் தோற்றவனுடைய காசு அடுத்த நாற்காலிக்காரனுக்குப் போயிற்று. இப்பொழுது நால்வரிலும் யாருக்கும் அது திரும்புவதில்லை.

இவற்றையெல்லாம் சீர்தூக்கிய பின் என் முடிவு இது: ஆட்டத்தைக் கற்பதற்கும் கணக்கைப் பழகுவதற்கும் இணையத்தைத் தாராளமாகக் கைக்கொள்ளலாம், தானாக அடுக்கும் வசதியையும் கூப்பிடும் பொத்தானையும் நிறுத்தி வைக்க இடமிருந்தால் நிறுத்திவிட்டு ஆடுவது உத்தமம். காய்ப்பெட்டி வாங்க நினைப்பவர்கள் டாலஸ் பெட்டியை விட்டுவிட்டு, சீன எழுத்தோடு மூலையில் எண்ணும் சேர்த்து ஆழமாகச் செதுக்கிய சாதாரணப் பெட்டியை வாங்கட்டும். விலையும் அதில் குறைவு.