பலகை எழுத்தும் படிப்பவர் கண்ணும்

சேலத்திலிருந்து நாமக்கல் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் மல்லூர், ஆண்டகளூர்கேட், புதுச்சத்திரம் என ஏறத்தாழ 50 கி.மீ. தொலைவுக்கு எழுத்துகள் நம்மைத் தொடர்ந்து வருகின்றன. ஜவ்வரிசி ஆலை, கோழித்தீவனம், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரி, கல்லூரிச் சேர்க்கை, காதணி விழா என்று பலகைகளுக்குக் குறைவில்லை. இவற்றுள் பெரும்பாலானவை இன்று தூரிகையால் எழுதப்படுவதில்லை. போட்டோஷாப், கோரல்டிரா போன்ற மென்பொருள்களில் அமைக்கப்பட்டுப் பிளக்ஸ் துணியில் அச்சாகின்றன.

கருவி மாறியதில் குறை ஒன்றுமில்லை. வண்ணமும் வேகமும் கூடின, செலவு குறைந்தது. ஆனால், பேருந்தில் செல்லும் ஒருவரால் இப்பலகைகளில் எத்தனையைப் படித்து முடிக்க முடிகிறது? விடை மகிழ்ச்சி தருவதாக இல்லை. அமைப்பவர் இரண்டடித் தொலைவில் திரையைப் பார்த்து எழுத்தைத் தேர்கிறார். படிப்பவரோ இருநூறடித் தொலைவில் இருக்கிறார். குறையின் வேர் இங்கேதான் உள்ளது.

கண்ணின் எல்லை

குறையில்லாத கண் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய கோணம் ஏறத்தாழ 1 கலை, அதாவது ஒரு பாகையில் 60-இல் ஒரு பங்கு. கண் மருத்துவர் சுவரில் மாட்டும் எழுத்து அட்டை இந்தக் கணக்கின்மேல் அமைந்தது. 6 மீட்டருக்கு அப்பால் இருந்து படிக்க வேண்டிய வரியில் ஒவ்வோர் எழுத்தும் 5 கலை உயரமுடையது. அதன் கோடு ஒவ்வொன்றும் 1 கலைத் தடிப்புடையது.

இதனைச் சாலைக்குக் கொண்டு வருவோம். 60 மீட்டர் தொலைவில் 1 கலை என்பது சுமார் 17 மி.மீ.; 5 கலை என்பது சுமார் 87 மி.மீ. அதாவது, 60 மீட்டரில் நிற்பவருக்கு எழுத்து 9 செ.மீ. உயரமாவது இருக்க வேண்டும். இதுவும் நல்ல கண்ணுக்கு, நல்ல வெளிச்சத்தில், அசையாமல் உற்றுப் பார்க்கும்போது மட்டுமே. பார்வைத் திறன் 6/12 ஆகக் குறைந்த முதியவருக்கு இரு மடங்கு தேவை. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும் பேருந்து விநாடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. 60 மீட்டரைக் கடக்க நான்கு விநாடிகூட ஆவதில்லை. எனவே கண்ணின் எல்லையைப் போல் இரண்டு மூன்று மடங்கு பெரிதாக எழுதுவதே தகும்.

சுழியும் புள்ளியும்

மேற்கண்ட கணக்கு எளிய ஆங்கில எழுத்துக்கு உரியது. நம் எழுத்துகளின் இயல்பு வேறு. மூன்று சுழி 'ண' என்னும் எழுத்தையும் இரண்டு சுழி 'ன' என்னும் எழுத்தையும் வேறுபடுத்துவது ஒரு சிறு வளைவே. அது மங்கினால் 'சாலைப் பணி' என்பது 'சாலைப் பனி' ஆகிவிடும். எச்சரிக்கையைப் படிக்கும் ஓட்டுநர் எதிர்பார்க்க வேண்டியது தோண்டிய பள்ளத்தையா, மூடுபனியையா? அவ்வாறே 'ஏற்காடு' என்னும் சொல்லில் 'ஏ' எழுத்தின் கால் மறைந்தால் அது 'எ' ஆகும். 'ற்' எழுத்தின் புள்ளி மறைந்தால் அது 'ற' ஆகும்.

பனையோலைக் காலத்தில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று புள்ளியிடாமலே எழுதினர். மெய் எது, உயிர்மெய் எது என்பதைப் படிப்பவரே ஊகித்துக்கொள்ள வேண்டியிருந்தது. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாட்டை இன்றுள்ள வடிவில் காட்டும் முறையை 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் வகுத்தார். அச்சு வந்தபின் புள்ளி நிலைபெற்றது. அவ்வாறு பெற்ற தெளிவை நெடுஞ்சாலையில் மீண்டும் இழந்துகொண்டிருக்கிறோம். புள்ளிக்கும் அதன் கீழுள்ள எழுத்துக்கும் நடுவே 60 மீட்டரில் 17 மி.மீ. இடைவெளியேனும் இல்லாவிட்டால் இரண்டும் ஒட்டிப்போனதாகவே கண்ணுக்குத் தோன்றும்.

வசதிகள் செய்யும் கெடுதல்

இனி, இப்பலகைகளில் அடிக்கடி காணும் குறைகளைப் பார்ப்போம்.

முதலாவது, வெளிக்கோடு. எழுத்தைச் சுற்றி வெள்ளை அல்லது மஞ்சள் கோடு போட்டால் திரையில் பளிச்சென்று தெரிகிறது. ஆனால் 10 மி.மீ. தடிப்புள்ள கோடு புள்ளியின் பக்கத்திலிருந்து 10, எழுத்தின் பக்கத்திலிருந்து 10 என 20 மி.மீ. இடத்தைத் தின்றுவிடுகிறது. 'ண' எழுத்தின் சுழிகளும் இப்படியே அடைபடுகின்றன.

இரண்டாவது, நெருக்கிப் பிடித்தல். நீண்ட பெயர் இடத்துக்குள் அடங்காதபோது எழுத்தின் அகலத்தை மட்டும் குறைக்கிறார்கள். தமிழ் எழுத்துகள் பல அகலவாக்கில் விரிந்தவை. வேறுபாட்டைக் காட்டும் சுழிகள் பக்கம் பக்கமாக அமைந்தவை. அகலத்தைப் பாதியாக்கினால் சுழிகளுக்கு இடைப்பட்ட வெளியும் பாதியாகும். கடைப் பெயர்ப் பலகையில் தமிழ் முதன்மை பெற வேண்டும் என்பது தமிழ்நாட்டில் விதி. தமிழை மேலே வைத்து இவ்வாறு நசுக்கியும், ஆங்கிலத்தைக் கீழே தாராளமாக விரித்தும் எழுதிய பலகைகள் விதியை நிறைவேற்றலாம், கண்ணை நிறைவேற்றுவதில்லை.

மூன்றாவது, உடைந்த எழுத்து. 'கொ' என்பது ஒருங்குறியில் 'க' என்னும் எழுத்தும் அதன்பின் ஓர் உயிர்க்குறியும் ஆகும். அக்குறியை இரண்டாகப் பிரித்து இருபுறமும் நிறுத்துவது மென்பொருளின் வேலை. பழைய போட்டோஷாப் பதிப்புகள் இதனைச் செய்யவில்லை. பிந்திய பதிப்புகளில் தெற்காசிய மொழிகளுக்குரிய உரையமைப்பைத் தேர்ந்தால் எழுத்து சரியாக வரும். ஜிம்ப் என்னும் கட்டற்ற மென்பொருளும் இதனைச் செய்கிறது. இருப்பினும் பல கடைகளில் பாமினி போன்ற பழைய குறியீட்டு எழுத்துருக்களை இன்னும் விட்டபாடில்லை. அவற்றில் கொம்பும் காலும் தனித்தனி எழுத்துகளாகவே கணக்கில் வருகின்றன. எழுத்திடைவெளியைக் கூட்டினால் கொம்பு ஒருபுறமும் மெய் ஒருபுறமும் விலகி நிற்கும். தமிழக அரசு 2010-இல் ஒருங்குறியை ஏற்ற பிறகும் பழையதைப் பற்றிக்கொண்டிருப்பதற்குப் பழக்கமே காரணம்.

நான்காவது, நிறம். சிவப்பின்மேல் நீலம், பச்சையின்மேல் சிவப்பு என்பன திரையில் கவர்ச்சியாக இருக்கலாம். ஆனால் கண் நுண்ணிய வடிவங்களைப் பிரித்தறிவது பெரும்பாலும் ஒளி வேறுபாட்டைக் கொண்டே. நிற வேறுபாட்டைக் கொண்டு அன்று.

பாயிண்ட் என்னும் மயக்கம்

மென்பொருளில் '24 பாயிண்ட்' என்று இட்டவுடன் எழுத்தின் அளவு தீர்மானமாகிவிட்டதாக எண்ணுகிறோம். 72 பாயிண்ட் ஓர் அங்குலம். ஆனால் இது எழுத்தின் உயரமன்று. மேலே விலங்கும் புள்ளியும், கீழே உகரக் குறியும் அடங்கும் முழுக் கட்டத்தின் உயரம். 'க' எழுத்து மட்டும் அதில் ஏறத்தாழப் பாதியே இருக்கும். அதுவும் எழுத்துருவுக்கு எழுத்துரு மாறும்.

பத்தடிப் பலகையை ஓர் அடிக்கு ஓர் அங்குலமாகத் திரையில் அமைப்பதாகக் கொள்வோம். 24 பாயிண்ட் கட்டம் அச்சில் 12 மடங்காகிச் சுமார் 10 செ.மீ. வரும், அதில் எழுத்து 5 செ.மீ. மட்டுமே. அது கண்ணின் எல்லையை 34 மீட்டரிலேயே எட்டிவிடும். வசதியாகப் படிக்க 15 மீட்டர் அருகில் வரவேண்டும். ஓடும் வாகனத்தில் அது ஒரு விநாடிக்கும் குறைந்த நேரம்!

லாரியின் முதுகு

நாமக்கல்லும் அதன் சுற்றுப்புறமும் லாரிகளுக்குக் கூண்டு கட்டும் தொழிலில் பெயர் பெற்றவை. அந்த லாரிகளின் பின்புறத்தில் தூரிகை எழுதிய ஊர்ப்பெயரைப் பாருங்கள். சொற்கள் சில, நிறங்கள் இரண்டு மூன்று, சுழிகள் திறந்தவை. எழுதுபவர் பலகையின் உண்மை அளவிலேயே வேலை செய்கிறார்; சில அடிகள் பின்னே சென்று பார்த்துத் திருத்தவும் அவரால் முடிகிறது. நிழலும் பூவேலையும் சேர்த்து எழுத்தை மறைத்த ஓவியர்களும் உண்டு. எனவே பழையது எல்லாம் நல்லது என்று கூறுவதற்கில்லை. ஆனால் விலகி நின்று பார்க்கும் பழக்கம் தூரிகையோடு போய்விடக் கூடாது.

அதனைத் திரையிலும் செய்யலாம். பத்தடிப் பலகை திரையில் 30 செ.மீ. அகலமாகத் தெரியும்போது, திரையிலிருந்து 6 மீட்டர், அதாவது இருபதடி விலகி நில்லுங்கள். 60 மீட்டருக்கு அப்பால் உள்ளவர் காணும் அளவும் நீங்கள் காணும் அளவும் ஒன்றே. படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றியும் பாருங்கள். 'ண' எழுத்தும் புள்ளியும் தெரிகின்றனவா? தெரிந்தால் மற்றவையும் தெரியும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கட்டமரான் போன்ற ஒருங்குறி எழுத்துருக்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. பல தடிப்புகளில் கிடைப்பதால் வெளிக்கோடு போட்டுத் தடிக்கவைக்கும் தேவையும் இல்லை.

பலகைக்குப் பணம் கொடுப்பவர்களுக்கும் ஒரு சொல். 'இன்னும் இரண்டு படம், இன்னும் நான்கு பெயர்' என்று கேட்கும்போதெல்லாம் எழுத்து ஒரு படி சிறுக்கிறது. எல்லாப் பெயரும் இடம்பெற்ற பலகையில் ஒரு பெயரையும் யாரும் படிக்கமாட்டார்கள்.