வெள்ளவத்தையிலிருந்து ‘ஜங்கிள்’ நாவலைப் படித்தல்

அப்டன் சின்கிளேரின் ‘தி ஜங்கிள்’ 1906இல் நூலாக வெளிவந்தபோது அமெரிக்கா அதிர்ந்தது. எதைக் கண்டு? லித்துவேனியக் கிராமத்திலிருந்து சிக்காகோ இறைச்சித் தொழிற்சாலைக்கு வந்த யூர்கிஸ், தவணைக்கு வாங்கிய வீட்டையும் மனைவியையும் மகனையும் இழந்து தெருவில் நின்றதைக் கண்டன்று. தன் தட்டிலிருந்த இறைச்சியின் அழுக்கைக் கண்டு! அவ்வாண்டே இறைச்சிப் பரிசோதனைச் சட்டம் நிறைவேறிற்று. யூர்கிஸின் கூலியை அச்சட்டம் தொடவில்லை.

மேலும் உழைப்பதே எத்துன்பத்துக்கும் மருந்தென நம்பிய குடியானவனை, ஆலை எப்படிச் சக்கையாக்கி எறிகிறது என்பதைச் சின்கிளேர் காட்டும் பக்கங்கள் இன்றும் வலிமை குன்றாதவை. இறுதி அத்தியாயங்கள் மேடைப் பேச்சாகிவிடுகின்றன. அதனை நாம் பெருங்குறையாகக் கொள்ளவில்லை. நம்மை உறுத்துவது வேறொன்று. வேலைநிறுத்தத்தை முறியடிக்கத் தென் மாநிலங்களிலிருந்து கறுப்பின மக்கள் கொண்டுவரப்படுகின்றனர். அவர்களை ஆசிரியர் ஏறக்குறைய விலங்குகளாகவே வருணிக்கிறார். யூர்கிஸும் அப்போது கருங்காலியாகிறான். ஆனால் அவனுக்கு ஒரு வரலாறு உண்டு, பசி உண்டு. அடிமை முறை 1865இல் ஒழிந்து நாற்பதாண்டுகூட நிறையாத அம்மக்களுக்கு இவர் அவற்றை வழங்கவில்லை. முதலாளி வகுத்த பிரிவினையை முற்போக்கு எழுத்தாளரின் பேனாவே வழிமொழிகிறது.

வெள்ளவத்தை வாசகருக்கு இது தூரத்துச் செய்தியன்று. 1933இல் வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலையில் சிங்களவரும் மலையாளிகளும் தமிழரும் சேர்ந்து வேலைநிறுத்தம் செய்தனர். கொல்வின் ஆர். டி சில்வா முதலிய இளைஞர்கள் துணைநின்றனர். எதிரே நின்றவர் யார்? 1923இல் கொழும்புப் பொது வேலைநிறுத்தத்தை நடத்திய ஏ. ஈ. குணசிங்காவேதான்! பொருளாதார மந்தத்தில் வேலையிழந்து திரிந்த சிங்களத் தொழிலாளியிடம், உன் சோற்றைப் பறித்தவன் மலையாளி என்று கூறுவது எளிதாயிருந்தது. ஆலை முதலாளியின் பெயரை எவரும் உச்சரிக்கத் தேவைப்படவில்லை.

இரண்டாண்டுகளின் பின், 1935இல், அவ்விளைஞர்கள் லங்கா சமசமாஜக் கட்சியை நிறுவினர். கொல்வின் 1956இல் தனிச்சிங்களச் சட்டத்தை எதிர்த்து முழங்கினார். 1972இல் அவர் பொறுப்பில் உருவான அரசியல் யாப்போ அதே மொழிக்கு அரியணையிட்டது. சின்கிளேரின் பேனா இடறிய இடத்தில் இவருடைய பேனாவும் இடறியது.

ஆலை நின்ற நிலத்தில் இன்று அடுக்குமாடிகள் எழுந்துள்ளன. அங்கு நூல் நூற்றவர்களை நாவலாக்க எவரேனும் முன்வந்தால், வேலைநிறுத்தக்காரனின் குடிசையை மட்டுமன்றி, அவனிடத்தை நிரப்ப வாயிலில் வந்து நின்றவனின் குடிசையையும் அவர் எட்டிப் பார்க்க வேண்டும்.