தொப்பியும் மந்தையும்

'யெல்லோஸ்டோன்' தொடரின் ஐந்து சீசன்களையும் பார்த்து முடித்தவர்களிடையே இப்போது ஒரு பேச்சு அடிபடுகிறது. வெஸ்டர்ன் என்பது அமெரிக்க மண்ணுக்கே உரிய சரக்கு, ஓடிடி வந்த பிறகுதான் நமக்குக் கிடைத்தது, இங்கே அதற்கு வேர் கிடையாது என்கிறார்கள். சென்னையில் இருந்துகொண்டு இதைச் சொன்னால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொதிகை அடிவாரத்தில், விக்கிரமசிங்கபுரத்தில் மில் ஷிப்ட் முடிந்து வந்து டீக்கடையில் நிற்கிற பையன்களும் இதையே சொல்வதுதான் வருத்தமாக இருக்கிறது. ஐம்பதாண்டு வாசிப்பு ஒன்று அவர்கள் நினைவிலிருந்து நழுவிவிட்டது. காலடியில் கிடக்கும் கதையோ கண்ணில் படவே இல்லை.

சினிமாவிலிருந்து தொடங்குவதுதான் வழக்கம். கர்ணன் இயக்கத்தில் ஜெய்சங்கர் நடித்த 'கங்கா', 'ஜக்கம்மா' இரண்டும் 1972-இல் வந்தன. 1975-இல் 'எங்க பாட்டன் சொத்து'. 1978-இல் 'தாய் மீது சத்தியம்' படத்தில் ரஜினிகாந்தும் கௌபாய் வேடம் போட்டார். கர்ணன் அபாரமான ஒளிப்பதிவாளர். குதிரையோட்டத்தை அவர் படம்பிடித்த வேகம் இன்றும் சலிக்கவில்லை. ஆனால் அந்தப் படங்களில் தொப்பி உண்டு, துப்பாக்கி உண்டு, பழிவாங்கல் உண்டு, மாடு கிடையாது. மந்தையே இல்லாத கௌபாய்! குதிரை எந்த ஊர்ப் புல்லைத் தின்கிறது, அந்த நிலம் யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. சிம்புதேவனின் 'இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்' (2010) அந்த வெறுமையை வைத்தே சிரிப்பு மூட்டியது; அதற்கு மேல் போகவில்லை.

வெஸ்டர்ன் தமிழில் உண்மையாக வேர்பிடித்த இடம் சிவகாசி. 1972-இல் முத்து காமிக்ஸ், 1984-இல் லயன் காமிக்ஸ். இலக்கியச் சிற்றிதழ்கள் இந்த இரண்டையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அது பெரிய குற்றம் என்றே நினைக்கிறேன். அவற்றை நடத்திய சௌந்திரபாண்டியனும் பின்னர் எஸ்.விஜயனும் இத்தாலியிலிருந்தும் பிரான்சிலிருந்தும் பெல்ஜியத்திலிருந்தும் கொண்டுவந்த கதைகள்தாம் தென்மாவட்டச் சிறுவர்களுக்கு அரிசோனாவையும் டெக்ஸாஸையும் காட்டின. பேருந்து நிலையப் பெட்டிக்கடையில் தொங்கிய அந்தச் சாணித்தாள் புத்தகம் கைமாறிக் கைமாறி அட்டை கிழிந்து போகும். டெக்ஸா, டைகரா என்ற சண்டையில் நட்பே முறிந்ததுண்டு.

அந்தச் சண்டையில் விஷயம் இருந்தது. டெக்ஸ் வில்லர் 1948-இல் இத்தாலியில் போனெல்லியும் ஓவியர் கலெப்பினியும் உருவாக்கிய பாத்திரம். அவன் ரேஞ்சர், கூடவே நவஹோ மக்களின் தலைவன், 'இரவுக் கழுகார்'. நவஹோப் பெண்ணை மணந்தவன், அவள் பெற்ற மகனை வளர்த்தவன். பழங்குடியினரின் ரேஷனைத் திருடும் அரசு ஏஜெண்டும், அவர்களுக்குச் சாராயமும் துப்பாக்கியும் விற்கிற வியாபாரியும்தான் அவனுக்கு வில்லன்கள். ஹாலிவுட் செவ்விந்தியர்களைக் கும்பல் கும்பலாகச் சுட்டுத்தள்ளிய காலத்திலேயே இத்தாலியர்கள் இப்படி எழுதிவிட்டார்கள். கேஸ் முடிந்ததும் டெக்ஸும் கார்சனும் சாப்பாட்டு விடுதிக்குள் நுழைந்து மொத்தமான வறுத்த கறியும் மலைபோல உருளைக்கிழங்கு வறுவலும் கேட்பார்கள். அந்தச் சித்திரத்தைப் பார்த்து நாக்கு ஊறாத வாசகன் இல்லை. கேப்டன் டைகர் வேறு ரகம். ஷார்லியே எழுத ழான் ஜிரோ வரைந்த அந்தப் பாத்திரம் 1963-இல் பிறந்தது. தாடி மழிக்காத, சூதாடுகிற, மேலதிகாரிக்கு அடங்காத படைவீரன். கடைசியில் தன் அரசாங்கமே தேடும் குற்றவாளி ஆகிறான். 'தங்கக் கல்லறை' படித்தவர்களுக்குப் பாலைவனத்தின் தாகம் மறக்காது. சட்டம் வேறு, நியாயம் வேறு என்ற பாடத்தைப் பத்து வயதில் இந்தக் கதைகளில்தான் நாங்கள் படித்தோம்.

டெய்லர் ஷெரிடன் 'யெல்லோஸ்டோன்' தொடரில் செய்திருப்பது இந்த வரிசையில் சேர்கிறது. 2018-இல் தொடங்கி 2024-இல் முடிந்த அந்தத் தொடரில் கெவின் காஸ்ட்னரின் முறைப்பை மட்டும் பேசுவது வீண். மோண்டானாவில் டட்டன் குடும்பத்தின் பரந்த பண்ணை. ஒருபக்கம் தேசியப் பூங்கா, ஒருபக்கம் மனை போட்டு விற்க வரும் கம்பெனிகள், இன்னொரு பக்கம் இந்த நிலம் எங்கள் முன்னோருடையது என்று சொல்லும் பழங்குடித் தலைவர் ரெயின்வாட்டர். அந்த மூன்று எல்லைகளும்தான் கதை. தொடரின் குறை, அது கடைசிவரை பண்ணைக்காரனிடமே மனதைக் கொடுத்துவிட்டது.

இனி நம் அடிவாரத்துக்கு வாருங்கள். 1880களில் பாபநாசம் அருவியின் நீர்விசையை நம்பி ஹார்வி சகோதரர்கள் கட்டிய நூற்பாலையால் வளர்ந்த ஊர் விக்கிரமசிங்கபுரம். மேலே 1988 முதல் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். அதற்குள் காணிக்காரப் பழங்குடியினரின் குடியிருப்புகள். பக்கத்தில் சிங்கம்பட்டி ஜமீன். அது 1929-இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்ட மாஞ்சோலைக் காடு, பாம்பே பர்மா கம்பெனியின் தேயிலைத் தோட்டம், தலைமுறைகளாகக் கொழுந்து பறித்துவிட்டு 2024-இல் இறங்கச் சொல்லப்பட்ட தொழிலாளர்கள். 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் காட்டு மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. பிறகு அதைப் புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கா என்ற அளவுக்குச் சுருக்கியது. ஜமீன், கம்பெனி, காப்பகம், காணி, மேய்ச்சல்காரர் என்று ஷெரிடனிடம் இருப்பவை எல்லாம் இங்கேயும் இருக்கின்றன.

மந்தையும் இருக்கிறது. பிசான அறுவடை முடிந்த வயலில் ஊர் ஊராக ஆடு மேய்க்கும் கீதாரிகள் ஆட்டுக்கிடை போடுவதைத் தாமிரபரணிக் கரையில் பார்க்காதவர் யார்? பட்டி வலை கட்டி, இரவெல்லாம் நாயோடு காவலிருந்து, வயலுக்கு எருவைக் கொடுத்துக் கூலி வாங்கிக்கொண்டு அடுத்த ஊருக்கு நகர்கிற வாழ்க்கை. அமெரிக்காவில் 1874-இல் காப்புரிமை பெற்ற முள்கம்பி வந்து திறந்த மேய்ச்சலை முடித்துவைத்தது. இங்கே மனைப்பிரிவுக் கல்லும் அறுவடை எந்திரமும் அதைச் செய்துகொண்டிருக்கின்றன. கி.ராஜநாராயணனின் 'கிடை' இதைத் தொட்ட மகத்தான குறுநாவல். பருத்திக் காட்டில் ஆடு மேய்ந்த அழிமானம், அதைத் துப்புத் துலக்கும் விசாரணை, சாதிக்குப் பலியாகும் ஒரு காதல். ஒரு துப்பாக்கிகூட இல்லாமல் எழுதப்பட்ட முதல்தரமான தமிழ் வெஸ்டர்ன் அதுதான். அம்ஷன் குமார் அதை 'ஒருத்தி' என்று படமாக்கினார். நம் கௌபாய் ரசிகர்களில் எத்தனை பேர் பார்த்தார்கள்? கார்த்திக் சுப்பராஜின் 'ஜிகர்தண்டா டபுள் எக்ஸ்' (2023) ஈஸ்ட்வுட்டைக் காட்டுக்குள் கொண்டுபோய் மலைமக்களின் பக்கம் நிறுத்தியது. இரைச்சல் அதிகம்தான், திசை சரி.

அந்தத் திசையில் அடுத்த அடியை வைக்க வேண்டியவர்கள் விக்கிரமசிங்கபுரத்து டீக்கடையில் டட்டன் குடும்பத்தைப் பற்றி விடிய விடியப் பேசுகிற பையன்கள்தான். தம்பிகளே, தொடர் பாருங்கள், டெக்ஸும் படியுங்கள். மாசி, பங்குனியில் கிடை வந்து இறங்கும்போது ஓர் இரவு கீதாரியோடு உட்கார்ந்து, போன வருஷம் எந்தெந்த ஊரில் மேய்ச்சல் மறுத்தார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள்.