திருப்பி அனுப்பாத ஒப்படைப்புகள்

மாலை ஐந்தரை மணி. பள்ளி வராந்தாவில் ஆறாம் வகுப்பு அறிவியல் ஆசிரியை ஒருவர் செல்போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வீட்டுப் பக்கத்தில் இருக்கும் ஒரு செடியின் இலையைப் பார்த்து வரைந்து, அதன் நரம்பமைவைப் பற்றி ஐந்து வரி எழுதச் சொல்லி, கூகுள் கிளாஸ்ரூமில் ஒப்படைப்பு கொடுத்திருந்தார். பிள்ளைகள் நோட்டைப் படமெடுத்து அனுப்பியிருந்தார்கள். ஒரு படம் தலைகீழாக இருந்தது, இன்னொன்றில் பாதிப் பக்கத்தை நிழல் மறைத்தது. எல்லாவற்றையும் இரண்டு விரலால் பெரிதாக்கிப் படித்து மதிப்பெண் போட்டிருந்தார். மூன்று வாரமாகியும் ஒரு பிள்ளைகூட அதைப் பற்றிக் கேட்கவில்லை என்பதுதான் அவருடைய வருத்தம்.

செல்போனை வாங்கிப் பார்த்தேன். மதிப்பெண்கள் அத்தனையும் வரைவாகவே நின்றிருந்தன. அந்தச் செயலியில் ‘திருப்பி அனுப்பு’ என்பதை அழுத்தினால்தான் மதிப்பெண் பிள்ளையின் கண்ணில் படும். அவர் அதை அழுத்தவே இல்லை. ஒருநாள் பயிற்சிக்குப் போய்வந்தவர்தான். வகுப்பை உருவாக்குவது, குறியீட்டைப் பகிர்வது, ஒப்படைப்பைப் பதிவேற்றுவது என்று அங்கே எல்லாம் காட்டியிருக்கிறார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வேறு செயலிக்குப் போய்விட்டார்கள்.

நோட்டாக இருந்தால் இப்படி நடந்திருக்காது. திருத்திய நோட்டுக் கட்டு மேசையில் கிடந்து உறுத்திக்கொண்டே இருக்கும். மறுநாள் வகுப்புத் தலைவன் வந்து தூக்கிக்கொண்டு போவான். செல்போனில் அந்தக் கட்டு கண்ணுக்குத் தெரிவதில்லை. கருவி மாறும்போது இப்படிச் சத்தமில்லாமல் விட்டுப்போகிறவற்றை எடுத்துச் சொல்வதுதான் பயிற்சியின் முதல் வேலை என்று நினைக்கிறேன். நம் பயிற்சிகள் கொடுப்பதைக் கற்றுத்தருகின்றன. வாங்கவும், திருத்தவும், திருப்பித் தரவும் கற்றுத்தருவது மிகக் குறைவு.

இதற்கு ஒரு வரலாறும் உண்டு. தமிழ்நாட்டில் 2018இல் வந்த புதிய பாடநூல்களில் க்யூஆர் கோடு அச்சானது. அதை ஸ்கேன் செய்தால் தீக்‌ஷா தளத்துப் பாடங்கள் திறக்கும். 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. இரண்டும் நல்ல முயற்சிகள். ஆனால் இரண்டிலும் பாடம் மேலிருந்து பிள்ளைக்குப் போகிறது. பிள்ளையின் எழுத்து ஆசிரியரிடம் வந்து சேரும் வழி, 2020இல் பள்ளிகள் மூடியபோது வாட்ஸ்அப்பில் அவசர அவசரமாகத் திறந்தது. எப்படித் திருத்துவது என்று ஆசிரியர்கள் தாங்களாகவே தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டார்கள்.

அந்தத் தடுமாற்றத்தில் கிடைத்த ஒன்று எனக்கு மிக உயர்வாகப் படுகிறது. அது குரல் பதிவு. ஒரு பத்தியை வாய்விட்டுப் படித்துப் பதிவுசெய்து அனுப்பச் சொன்னால், ‘ல’, ‘ள’, ‘ழ’ எந்தப் பிள்ளைக்கு எங்கே குழம்புகிறது, யார் எழுத்துக்கூட்டிப் படிக்கிறார் என்று ஆசிரியர் காதாலேயே கேட்கலாம். எந்த நோட்டும் இதைத் தராது. நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் தினமும் ஒவ்வொருவரையும் எழுப்பிப் படிக்க வைக்க நேரமும் இல்லை. நாலு பேர் முன்னால் படிக்கக் கூச்சப்படும் பிள்ளையும் வீட்டு மூலையில் உட்கார்ந்து மூன்று முறை படித்துப் பார்த்து, நன்றாக வந்ததை அனுப்பும். கூகுள் படிவத்துக்கும் ஒரு பலம் உண்டு. மூன்றில் ஒரு பங்கைவிட நான்கில் ஒரு பங்கு பெரிது என்று எத்தனை பேர் நினைக்கிறார்கள் என்பது இரவே தெரிந்துவிடும். மறுநாள் பாடத்தை அங்கிருந்து தொடங்கலாம்.

ஆனால் அதே படிவம்தான் கெடுக்கவும் செய்கிறது. தானாகத் திருத்திக்கொள்ளும் கேள்வி ஆசிரியருக்கு வசதி. அதனால் மெல்ல மெல்ல எல்லா ஒப்படைப்பும் சரியான விடையைத் தேர்ந்தெடுப்பதாகச் சுருங்கிவிடுகிறது. இலையை உற்றுப் பார்த்து வரைகிற வேலை காணாமல்போகிறது. செல்போன் யாருடையது என்ற கேள்வியும் இருக்கிறது. பல வீடுகளில் அது அப்பாவின் சட்டைப்பையில் போய், இரவு அவரோடுதான் திரும்பி வருகிறது.

பயிற்சி நடக்கும் விதத்துக்கு வருவோம். 2019இல் தொடங்கிய நிஷ்தா என்ற ஆசிரியர் பயிற்சித் திட்டம், 2020 அக்டோபரில் தீக்‌ஷாவில் 18 பாடத்தொகுதிகளாக இணையவழிக்கு வந்தது. பள்ளிகள் அடைத்துக் கிடந்த காலத்தில் அத்தனை ஆசிரியர்களை எட்டியது சாதாரணக் காரியமில்லை. ஆனால், தான் கொடுத்த ஒப்படைப்பில் சிக்கிக்கொண்ட ஆசிரியருக்குக் காணொலி பதில் சொல்லாது. நேரடிப் பயிற்சியோ மாநிலக் கருத்தாளரிடமிருந்து மாவட்டம், அங்கிருந்து வட்டார வள மையம் என்று இறங்கி வருவதற்குள் நீர்த்துப்போகிறது. இதற்கிடையே பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தரவுத்தளத்தில் பதிவேற்றும் வேலையே தலைக்கு மேல் இருப்பதாக ஆசிரியர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். புதிய செயலி என்றதும் இன்னொரு பதிவேடு வந்துவிட்டது என்றே அவர்கள் மனம் எடுத்துக்கொள்கிறது. அதைச் சோம்பல் என்று சொல்பவர்கள் மேல் எனக்குக் கோபம் வருகிறது.

பக்கத்தில் உட்காரும் ஆள்தான் வேண்டும். ஆசிரியர் அந்த வாரம் கொடுக்கப்போகும் ஒப்படைப்பையே எடுத்துக்கொண்டு, அவருடைய செல்போனிலேயே காட்டி, இரண்டு வாரம் கழித்துத் திருத்தும் நேரத்தில் திரும்பவும் வருகிற ஆள். ஒன்றியந்தோறும் ஆசிரியர் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். புள்ளிவிவரம் திரட்டும் வேலையைக் குறைத்து அவர்களை இதற்கு விட்டால் போதும். ஒரு பருவத்துக்கு ஒரே கருவி என்று வைத்துக்கொண்டாலும் ஒன்றும் குறைந்துபோகாது.

அன்று வராந்தாவில் அந்த ஆசிரியை எல்லா ஒப்படைப்புகளையும் திருப்பி அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் ஒரு பையனிடமிருந்து செய்தி வந்தது: “டீச்சர், பத்துக்கு ஆறுதான் போட்டிருக்கீங்க. எது தப்பு?” அவன் வேப்பிலைக்குப் புல்லைப் போல இணைப்போக்கு நரம்பு வரைந்திருந்தான். அவர் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டத் தொடங்கினார். மைக் படத்தைத் தொட்டுப் பேசினாலே தமிழில் எழுதிவிடும் என்று காட்டினேன். போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய், “தம்பி, நாளைக்கு வரும்போது ஒரு வேப்பிலை பறிச்சிட்டு வா” என்றார்.