நிறுத்தச் சொன்ன பிறகு

காஃப்காவின் மிகச் சிறிய எழுத்துக்களில் ஒன்று சர்க்கஸ் காலரியைப் பற்றியது. 1917-ஐ ஒட்டி எழுதியது. இரண்டே வாக்யங்கள். முதல் வாக்யம் முழுவதும் ‘இருந்தால்’ என்ற நிபந்தனையில் தொங்கிக்கொண்டிருக்கிறது. காசநோய்க்காரியான ஒரு குதிரை சவாரிப் பெண், சாட்டையோடு இரக்கமற்ற முதலாளி, அலுப்பே தட்டாத ஜனக்கூட்டம், மாதக்கணக்கில் நிற்காமல் ஒரே வட்டத்தில் ஓட்டம் – இதெல்லாம் இப்படியே போய்க்கொண்டிருந்தால், காலரியிலிருக்கும் ஓர் இளைஞன் படிகளில் இறங்கி ஓடிவந்து, வாத்ய இரைச்சலின் நடுவே ‘நிறுத்து’ என்று கத்தக்கூடும். இரண்டாவது வாக்யம், ஆனால் அப்படி இல்லையே என்கிறது. வெளுப்பும் சிவப்புமாக ஓர் அழகி பறந்து வருகிறாள். முதலாளி அவளைச் செல்லப் பேத்தியைப்போல் குதிரைமேல் தூக்கி உட்கார வைக்கிறார். எல்லாம் இவ்வளவு நன்றாக இருப்பதால் அந்த இளைஞன் கைப்பிடிக் கம்பியில் முகத்தைச் சாய்த்து, அழுகிறோம் என்று அறியாமலே அழுகிறான்.

இதில் கவனிக்க வேண்டியது வினைச்சொற்களின் நிலை. கொடுமை நிபந்தனையில் சொல்லப்படுகிறது. பாவனை நிச்சயமாகச் சொல்லப்படுகிறது. கண்ணுக்கு முன்னால் நடப்பது ஜோடனை. நடந்துகொண்டிருப்பது எதுவோ அது ‘ஆல்’ விகுதிக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறது. இளைஞன் இறங்கி ஓடாததற்குக் கோழைத்தனம் காரணமில்லை. இறங்குவதற்கான முகாந்திரம் அவன் கண்ணுக்குக் காட்டப்படவில்லை. இந்தக் கதை பார்த்தல் என்ற தத்துவப் பிரச்னையைப் பற்றியது, சர்க்கஸ் வெறும் சாக்கு என்று சொல்வது வழக்கம். எனக்கு அதில் சர்க்கஸே முக்யமாகப் படுகிறது. ஏனென்றால் நம் நாட்டில் யாரோ உண்மையாகவே காலரியிலிருந்து இறங்கிவந்து கத்திவிட்டார்கள்.

1998 அக்டோபரில் மத்திய அரசு கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஐந்தையும் வித்தைக்குப் பழக்கவும் காட்டவும் கூடாது என்று அறிவித்தது. சர்க்கஸ் முதலாளிகள் வழக்காடினார்கள். 2001-ல் உச்சநீதிமன்றமும் தடையை உறுதி செய்துவிட்டது. 2011 ஏப்ரலில் அதே நீதிமன்றம், சர்க்கஸில் குழந்தைகளை வேலைக்கு வைப்பதைத் தடைசெய்து அறிவிக்கும்படி அரசுக்கு உத்தரவிட்டது. பின்னால் யானைகளும் போயின. 1880-ல் விஷ்ணுபந்த் சத்ரே முதல் இந்திய சர்க்கஸ் கம்பெனியை நடத்திக் காட்டியதிலிருந்து, 1901-ல் தலச்சேரி சிறக்கரையில் கீலேரி குஞ்ஞிக்கண்ணன் பள்ளி வைத்து உடம்புகளை வளைக்கக் கற்றுக்கொடுத்ததிலிருந்து, கூடாரம் இரண்டு கால்களில் நின்றது. ஒன்று மிருகம். இன்னொன்று, எலும்பு முற்றாத வயதில் பிடிக்கப்பட்ட உடம்பு. இரண்டையும் சட்டம் வெட்டிவிட்டது. வெட்டியது சரி. இதில் எனக்கு இரண்டாவது அபிப்ராயம் இல்லை. என் கேள்வி வேறு. ‘நிறுத்து’ என்று கத்திய பிறகும் வாத்யம் வாசித்துக்கொண்டே இருந்தால், காலரியில் உட்கார்ந்திருப்பவன் எதைப் பார்க்கிறான்?

கோவையில் ஓர் இரவுக் காட்சிக்குப் போயிருந்தேன். எந்தக் கம்பெனி என்பது அவசியமில்லை. நான் சொல்லப்போவது எல்லாவற்றுக்கும் பொருந்தும். காலரி டிக்கட். மரப்பலகை, இரும்புக் கால். பாதிக்குமேல் காலி. நடுவில் மண்ணும் மரத்தூளும் போட்ட வட்டம். இந்த வட்டத்தின் அளவே குதிரைக்காக வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனில் ஃபிலிப் ஆஸ்ட்லி, ஓடும் குதிரையின் முதுகில் மனிதன் நிற்க வட்டமே தோது என்று கண்டார். நாற்பத்திரண்டு அடி விட்டம் என்பது அங்கே நிலைத்துப்போனது. அன்றிரவு கூடாரத்தில் ஒரு குதிரை இல்லை. குதிரைக்காக வெட்டிய வட்டத்தில் மணிப்பூர்ப் பையன்கள் குட்டிக்கரணம் போட்டார்கள். எத்தியோப்பிய இளைஞர்கள் ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறி நின்றார்கள். தொங்கும் துணியில் ஒரு பெண் தன்னைச் சுற்றிக்கொண்டு மேலிருந்து உருண்டு இறங்கித் தரைக்கு ஒரு முழம் இருக்கையில் நின்றாள். இரும்புக் கூண்டு உருண்டைக்குள் மோட்டார் சைக்கிள்கள். இவற்றைப்பற்றிச் சொல்ல அதிகமில்லை. நன்றாகச் செய்தார்கள்.

எனக்கு முன்வரிசையில் ஒரு பையன் தகப்பனிடம் கேட்டுக்கொண்டே இருந்தான்.

“அப்பா, சிங்கம் எப்ப வரும்?”

“வராது கண்ணு. இப்பெல்லாம் உடமாட்டாங்க. நான் உன்னாட்டம் இருக்கறப்ப வந்துச்சு.”

சிங்கம் வந்தது. துணியால் தைத்த சிங்கம், உள்ளே இரண்டு ஆட்கள். ஸ்டூலில் ஏறி உட்கார்ந்தது, வாலை ஆட்டியது, முன்வரிசைப் பெண்களைப் பயமுறுத்தியது. பையன் சிரித்தான். தகப்பன் சிரிக்கவில்லை. எனக்குச் சிரிப்பு நின்றுபோன இடம் வேறு. ரிங் மாஸ்டர் கையில் சாட்டை இருந்தது. துணிச் சிங்கம், பொய்ப் பிடரி, அட்டைப் பல். சாட்டை மட்டும் அசல். அது காற்றில் சொடுக்கியபோது எழுந்த சத்தமும் அசல். அந்தச் சத்தத்துக்குக் காலரி முழுக்க நிமிர்ந்து உட்கார்ந்தது.

சர்க்கஸைப்பற்றி இப்போது பத்திரிகைகளில் எழுதப்படுவதெல்லாம் ஒப்பாரி. வானத்தைத் துழாவிய சர்ச் லைட், கர்ஜனை, அந்த வாசனை – ‘அந்த நாள் இனி வருமா’ என்ற ராகத்தில் வாராவாரம் வருகிறது. எழுதுபவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் சிறுவயதில் அந்த வாசனையை முகர்ந்தவர்கள்தான். அது கூண்டுக்குள்ளேயே மூத்திரம் பெய்து அதன்மேலேயே படுத்த மிருகத்தின் வாசனை என்பதை மட்டும் விட்டுவிடுகிறார்கள். வெகுஜன எழுத்தின் ஏக்கம் எப்போதும் இப்படித்தான். தனக்கு எது கிடைத்தது என்பது ஞாபகமிருக்கும். அதற்கு யார் விலை கொடுத்தார்கள் என்பது ஞாபகமிருக்காது. காஃப்காவின் இரண்டாம் வாக்யத்தை மட்டும் திரும்பத் திரும்ப எழுதுகிறவர்கள் இவர்கள்.

எதிர்க்கட்சியின் சமாதானமும் எனக்கு ருசிக்கவில்லை. மிருகமும் குழந்தையும் போன பின் மிஞ்சியது சுத்தமான உடற்கலை, இனி நிம்மதியாகப் பார்க்கலாம் என்கிறார்கள். நிம்மதியாகப் பார்க்க முடிந்தால் அது சர்க்கஸ் இல்லை. மேலே தொங்குகிறவன் விழுவான் என்ற எதிர்பார்ப்பு காலரியின் வயிற்றில் இருக்கிறது. விழக்கூடாது என்ற பிரார்த்தனையும் அங்கேயே இருக்கிறது. இரண்டையும் பிரித்தெடுக்கச் சட்டத்தால் ஆகாது.

கடைசியில் பார் விளையாட்டு. 1859-ல் பாரிஸில் ழூல் லியோதார் முதன்முதல் ஒரு பாரிலிருந்து இன்னொன்றுக்குப் பறந்து காட்டியபோது கீழே வலை இல்லை, மெத்தைகள்தான். இப்போது வலை உண்டு. இதில் நாம் பறப்பவனையே பார்க்கிறோம். ஜிகினா உடை அவனுக்குத்தான். எதிர்ப்பக்கம் முழங்கால்களைப் பாரில் மாட்டித் தலைகீழாக ஆடிக்கொண்டிருக்கும் ஆளை யாரும் பார்ப்பதில்லை. வேலை அவனுடையது. பறப்பவன் ஆட்டத்தின் உச்சியில், எடையற்றுப்போகும் அந்தக் கணத்தில் கையை விடுகிறான். அதன்பின் அவன் செய்யக்கூடியது கைகளை நீட்டி வைப்பதுதான். அவன் போய்ப் பிடிக்க முயன்றால் காரியம் கெடும். மற்றவன் வந்து மணிக்கட்டோடு மணிக்கட்டாகப் பற்ற வேண்டும். ஒருவன் தன் தாளத்தை விட்டுக்கொடுக்கிறான். மற்றவன் அதை எடுத்துக்கொள்கிறான். அன்றிரவு பிடித்தவர் ஐம்பது வயதை நெருங்கியவர். தொப்பை தெரிந்தது. ஒருமுறைகூட அவர் காலரிப் பக்கம் கையசைக்கவில்லை.

மூன்றாவதாகப் பறந்தவன் தலையில் கறுப்புத் துணிப் பையை மாட்டிக்கொண்டு பறந்தான். கைகள் தொடவில்லை. வலையில் விழுந்தான். காலரி ‘ஐயோ’ என்றது. அறிவிப்பாளர், இன்னொரு முயற்சி என்றார். டிரம் உருட்டினார்கள். இம்முறை பிடிபட்டான். முதல் தடவையே பிடிபட்டிருந்தால் கிடைத்திருக்கக்கூடியதைப்போல் இரண்டு மடங்கு கைதட்டல்.

முதல் விழுதல் வேண்டுமென்றே செய்வது, தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த பழைய உத்தி. அன்று அது உத்தியா, தவறா? காலரியிலிருந்து சொல்ல முடியாது. சொல்ல முடியாது என்பதில்தான் நான் சிக்கிக்கொண்டேன். கயிற்றின்மேல் நடப்பவனை, பாரில் தொங்குபவனைக் கவிஞனுக்கு உவமையாக்குவது நம்மிடையே பழகிப்போன சங்கதி. அங்கே பாவனை கிடையாது, தவறினால் சாவு, எழுத்தும் அப்படி இருக்கவேண்டும் என்று. அழகான உவமை. ஆனால் பாரில் தொங்குகிறவன் தவறுவதுபோல் நடிக்கவும் செய்கிறான் என்றால்? நாடகக்காரனைவிட எந்தவிதத்தில் அவன் மேல்?

யோசித்தபோது ஒன்று தெளிந்தது. வேண்டுமென்றே விழுந்தாலும் அவன் விழுந்த உயரம் அவ்வளவும் நிஜம். வலை என்பது பஞ்சு மெத்தை இல்லை. முதுகால் விழவேண்டும், காலோ முகமோ முதலில் பட்டால் ஊனம். விழக் கற்றுக்கொள்ளாமல் யாரும் பறக்க விடப்படுவதில்லை. ஆக அவனுடைய உத்தேசம் பொய்யாக இருக்கலாம், விழுவது பொய்யல்ல. நம் கவிதைகளில் பெரும்பாலும் இது தலைகீழ். உத்தேசம் சத்யமாக இருக்கிறது. விழுவதுதான் பாவனை. தன் வேதனையைப்பற்றி முழு நேர்மையோடு எழுதுகிறவன் ஒரு அடி உயரத்திலிருந்துகூட இறங்கியிருக்கமாட்டான். இதை நண்பர்கள் சிலர் தங்களைச் சொல்வதாக எடுத்துக்கொள்ளலாம். எடுத்துக்கொள்ளட்டும்.

இந்த விஷயம் முழுவதையும் அந்தக் கூடாரத்தில் புரிந்துவைத்திருப்பவன் கோமாளி. பறந்தவர்கள் இறங்கியதும் அவன் ஏணியில் ஏறினான். பாதி ஏணியில் பயந்தான், பாரை விட மறுத்தான், விட்டபின் அலறினான், பிடிக்கிறவர் கையில் அவன் பேண்ட் மாட்டிக்கொண்டு வர அரை டிராயரோடு வலையில் விழுந்தான். தேர்ச்சியில்லாதவனாக நடிக்க அங்கே மற்ற எல்லோரையும்விடத் தேர்ச்சி வேண்டும். பறப்பவனின் கம்பீரத்தையும், நம் ‘ஐயோ’வையும், அந்தக் கறுப்புத் துணிப் பையையும் சேர்த்து அவன் கேலி செய்தான். கூடாரத்தில் நடந்த ஒரே விமர்சனம் அதுதான்.

தரையில் வேலை செய்த கோமாளிகளோ உயரம் குன்றிய மூன்று பேர். ஒருவரை ஒருவர் தட்டிக்கொண்டார்கள், விழுந்தார்கள். அவர்கள் செய்ததற்கு முன்பே, அவர்கள் வந்ததற்கே காலரி சிரித்தது. இங்கே என் ‘நிறுத்து’ தொண்டையில் நின்றுவிட்டது. அவர்கள் வயது வந்தவர்கள், கூலி வாங்குகிறவர்கள். வெளியே அவர்களுக்கு வேறு வேலை கொடுக்கக் காத்திருப்பவன் நானில்லை. 1989-ல் ‘அபூர்வ சகோதரர்கள்’ வந்தபோது, உயரமான ஒரு நடிகர் எப்படிக் குட்டையானார் என்பதே ஊர்ப் பேச்சு. அதே சட்டகத்தில் அவரைச் சுற்றி உண்மையாகவே அந்த உயரத்தில் நின்றவர்களைப்பற்றி யார் கேட்டார்கள்? ஜோடனையின் சாமர்த்தியத்துக்கு நாம் தலைவணங்கினோம். ஜோடனை தேவைப்படாதவர்களைப் பார்த்து எப்போதும்போல் சிரித்தோம்.

அரவிந்தன் 1978-ல் எடுத்த ‘தம்ப்’ என்ற கறுப்பு வெள்ளைப் படம் இங்கே ஞாபகம் வருகிறது. 2022-ல் புதுப்பித்து கான் விழாவில் காட்டினார்கள். பாரதப்புழைக் கரையிலுள்ள திருநாவாயில் உண்மையான சர்க்கஸ் கம்பெனி ஒன்றைக் கூடாரம் போட வைத்து, உள்ளூர் ஜனங்களை உட்காரவைத்து, வித்தைகளைவிட அவர்கள் முகங்களையே அரவிந்தன் அதிகமாகப் படம் பிடித்தார். முதலில் காமிராவை உணர்ந்த முகங்கள், பிறகு மறந்துவிட்டன. வாய் திறந்து, கண் விரிந்து, தான் இன்னார் என்பது உதிர்ந்துபோன முகங்கள். சர்க்கஸ்காரர்களின் முகங்களும் உண்டு, அலங்காரம் இல்லாமல், எதையும் வேண்டாமல் நேரே பார்ப்பவை. அந்த இரண்டு வகை முகங்களுக்கிடையே ஒரு வார்த்தை பரிமாறப்படுவதில்லை. காஃப்கா காலரியில் ஒருவனை வைத்தார். அரவிந்தன் வட்டத்துக்குள்ளிருந்து காலரியைத் திரும்பிப் பார்த்தார்.

அன்றிரவு முகங்களைப் பார்க்கலாமென்று நானும் பக்கவாட்டில் திரும்பினேன். பாதிப் பேர் முகத்துக்கு முன்னால் போனைப் பிடித்திருந்தார்கள். முகம் தெரியவில்லை. இதற்கும் ஒப்பாரி வைக்கலாம், நான் வைக்கப்போவதில்லை. வட்டத்தின் பக்கமே திரும்பிக்கொண்டேன். துணியில் உருண்டு இறங்கிய பெண் இப்போது உடைமேல் ஒரு பழைய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, வலையின் இழுகயிறு ஒன்றைப் பிடித்தபடி நின்றாள். மேலே நடப்பதை அவள் பார்க்கவில்லை. அவள் பார்வை காலரியின் கீழ் வரிசையிலிருந்து மேல் வரிசைக்கு நிதானமாக நகர்ந்தது, உதடு லேசாக அசைந்துகொண்டிருந்தது. எங்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.